ஏரிக்குள்ளும் சுனாமி கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் 26 சுனாமி நினைவுநாளுக்கு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கடல் இல்லாத நாடுகளில் குடியேறிய எம்மவர்களுக்கு இனிச் சுனாமிப் பயம் இல்லை என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருந்தது. நான் முல்லைத்தீவாள். 2004இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவள். இப்போது சுவிஸில், லுட்சேர்ன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்கிறேன். அந்த வரி பிழை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1601 செப்டம்பர் 18 இரவு இங்கே நிலம் நடுங்கியது. நகரச் செயலாளராக இருந்த றென்வார்ட் சீசாட் அதை எழுதி வைத்திருக்கிறார். ஏரியிலிருந்து வெளியே ஓடும் றொய்ஸ் ஆறு திரும்பி ஏரிக்குள் ஓடியதாம். ஆற்றைக் கால் அவ்வளவாக நனையாமல் நடந்தே கடக்கலாம் போலிருந்ததாம். நான் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் பாலத்தில் நின்று பார்க்கிற ஆறு அது, இரைச்சலோடு பாயும். அது வற்றிக் கிடந்ததை நினைக்க இப்பவும் நெஞ்சு திக்கென்கிறது. ஏரியில் அலை 4 மீற்றர் வரை எழுந்திருக்கிறது.

நடுக்கம் மட்டும் இதைச் செய்யவில்லை. பனியுகத்தில் பனியாறுகள் மலையை மாவாக அரைத்துக் கொண்டுவந்த களி, ஏரியின் அடிச்சரிவுகளில் படிந்திருக்கிறது. அதன்மேல் பின்னர் சேர்ந்த சேறு சில மீற்றர் தடிப்பில் கிடக்கிறது. பாசி பிடித்த கேணிப்படியில் கால் வைத்த மாதிரி, நிலம் ஆடியதும் மேற்சேறு பாளம் பாளமாக வழுக்கி ஆழத்துக்குப் போனது. அது தள்ளிய தண்ணீர்தான் அலை.

1687இல் நடந்தது இன்னும் பயங்கரம். அன்று நிலநடுக்கமே இல்லை. இதே ஏரிக்கரையில் உள்ள புறுன்னன் என்ற ஊருக்குப் பக்கத்தில் முவோட்டா ஆறு ஏரிவாயில் குவித்திருந்த மண்மேடு தன்பாட்டில் சரிந்து, 5 மீற்றர் அலையை எழுப்பியது.

இது அடிக்கடி நடப்பதில்லை, நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. விஞ்ஞானிகள் ஏரியடியில் அதிர்வுமானிகளை இறக்கிச் சேற்றின் தன்மையை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் கரையில் பிள்ளைகளோடு உலாவுகிற எங்கட சனத்துக்கு இதைத் தமிழில் யார் சொன்னது? தயவுசெய்து நீங்கள் எழுதுங்கள்.

என் பேத்திக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன்: கரையில் நிற்கும்போது நிலம் ஆடினால், ஏரித்தண்ணீர் பின்வாங்கினால், அன்னங்களைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பழைய மதிற்கோபுரப் பக்கம் மேட்டுக்கு ஏறி ஓடு. அம்மம்மாவைத் தேடிக் கீழே இறங்கி வராதே.

இப்படிக்கு,
முல்லைத்தீவு வாசகி,
லுட்சேர்ன்