பிள்ளை உள்ள வீட்டில் சன்னல் கம்பியைக் கட்டாயமாக்குங்கள்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் கட்டட, கட்டுமான ஆணையத்துக்கும் வணக்கம்.

கதவுபோல் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை (சன்னலைப் பிணைத்து வைக்கும் ஆணிகளை) எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகள் போட வேண்டும் என்று 2004இல் விதி வந்தது. சன்னல் கழன்று கீழே போகிறவர் தலையில் விழக்கூடாது என்பதற்காக. பணிப்பெண் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைப்பதானால் கம்பி பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று 2012இல் மனிதவள அமைச்சு சொன்னது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால், 15ஆம் மாடியில் 3 வயதுப் பிள்ளை இருந்தாலும் கம்பி போடுவது பெற்றோரின் விருப்பம்தான்.

“கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரை போதாது. சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கனம். சோபாவில் ஏறி எட்டிப் பார்க்கும்போது இடுப்பு சன்னல் விளிம்பைத் தாண்டினால் தலை கீழே இழுத்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கம்பி என்றால் எந்தக் கம்பியும் உதவாது. இடைவெளி 10 செ.மீட்டருக்கு மேல் போகக்கூடாது. குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணிப்படி, ஆகவே நெடுக்குக் கம்பிதான் வேண்டும். இப்போது பலரும் போடும் மெல்லிய எஃகு வடங்கள் நாளடைவில் தளரும். பக்கத்துப் பக்கத்து வடங்களைக் கையால் விலக்கிப் பாருங்கள். வளைந்து வழிவிட்டால் உடனே இறுக்க வேண்டும். கொசுவலை பிள்ளையின் எடையைத் தாங்காது. திறக்கும் கம்பிக்குப் பூட்டு அவசியம். சாவி பிள்ளைக்கு எட்டாமல், தீப்பிடித்தால் பெரியவர் கைக்கு உடனே கிடைக்கும்படி, அந்தச் சன்னலுக்கு அருகிலேயே உயரத்தில் தொங்க வேண்டும்.

அடுப்படிக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சன்னலை ஒட்டிச் சலவை இயந்திரம், பக்கத்தில் ஒரு முக்காலி: ஏறுவதற்கு அதுவே போதும்.

நியூயார்க் நகரம் 1976லேயே, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளில் உரிமையாளரே சன்னல் தடுப்பு பொருத்த வேண்டும் என்று விதித்தது. இங்கும் அந்த வயது வரம்போடு, எல்லா வீடுகளுக்கும் விதி கொண்டுவாருங்கள். கழகத்தின் வாடகை வீடுகளுக்கு உரிமையாளர் கழகமேதான். கம்பிக்குக் காசு புரட்ட முடியாத குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அந்த வீடுகளுக்கு முதலில் கம்பி போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சன்னல் கம்பி பொருத்துவோரும் குழந்தைப் பராமரிப்பாளர்களும்