பெக்கோ ஓட்டப் போகிற மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். எக்ஸ்கவேட்டர், அதுதான் நாங்கள் பெக்கோ என்கிற மெஷின், தன்பாட்டில் குழி வெட்டுகிறது, கபினுக்குள் ஆளைக் காணவில்லை. கீழே நீ கேட்டிருந்தாய்: "மாமா, இனியும் நான் ஒப்பரேட்டர் வேலைக்குப் போகத்தான் வேணுமா?" கிண்ணியாவிலும் மூதூரிலும் வேறு பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்கிற மாதிரி இங்கே போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, அம்மா கோபிக்க மாட்டா.

வீடியோ பொய் இல்லை. விஷயம் புதிதும் இல்லை. சிலி நாட்டுச் செப்புச் சுரங்கமொன்றில் ஜப்பானின் மெஷின் கம்பனியான கொமட்சுவின் சாரதியில்லாத லொறிகள் 2008இலேயே வேலைக்கு இறங்கிவிட்டன. மேற்கு அவுஸ்திரேலியாவில் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் ஓடும் ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பனியின் சாரதியில்லாத லொறிகளை, ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் தள்ளி, பேர்த் நகரத்தில் ஏசி அறைக்குள் இருந்து கண்காணிக்கிறார்கள். ஜப்பானில் உன்சென் எரிமலை 1991இல் 43 பேரைப் பலியெடுத்த பிறகு, மனிதர் கால் வைக்க முடியாத அந்தச் சரிவில் தூரத்தில் இருந்து இயக்கும் மெஷின்களை விட்டுத்தான் தடுப்பு வேலை செய்தார்கள். அப்போது நீ பிறக்கவேயில்லை.

ஆனால் அந்தச் சுரங்க லொறி ஓடும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார். ஒரே பாதை, ஒரே சுமை, வெளியாள் உள்ளே வர முடியாது. எங்கள் நிலாவெளி றோட்டில் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டும்போது என்ன நடக்கிறது? மாடு ஒன்று குறுக்கே நிற்கும். டியூஷன் விட்டு வரும் பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கெட்டுக்குக் கீழால் போகப் பார்க்கும். "தம்பி, என்ர வாசலுக்கும் ரெண்டு பக்கெட் கிரவல் போட்டுவிடன்" என்று ஒரு ஐயா வந்து நிற்பார். அந்த ஐயாவைச் சமாளிக்கிற மென்பொருள் இப்போதைக்கு வராது.

ஆகவே ஆளில்லாத கபினைப் பார்த்துப் பயப்படாதே. நீ யோசிக்க வேண்டியது ஆள் இருக்கிற கபினைப் பற்றித்தான்.

நான் வீதி வேலையில் லெவல், அதாவது தரையின் மட்டம், பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். பெக் என்கிற முளை அடித்து, நூல் கட்டி, ஒரு பையன் ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடிக்க, நான் கருவிக்குள் பார்த்து "இன்னும் ரெண்டு சென்டிமீற்றர் வெட்டு" என்று கை காட்டுவேன். சாதாரண ஒப்பரேட்டர் ஐந்து வெட்டிவிடுவான். பிறகு மண் போட்டு நிரப்பி, திரும்ப உருட்ட வேண்டும். கை பழகினவன் அப்படியில்லை. பக்கெட் பல்லை மண்ணில் லேசாக வைத்து, பூம், ஆர்ம் என்கிற மெஷினின் இரண்டு கைகளையும் ஒன்றாக இழுத்து, கானின் அடி முழுவதையும் ஒரே சரிவில் வழித்துக்கொண்டு வருவான். கருவியை வைத்துப் பார்த்தால் சொன்ன லெவலிலேயே நிற்கும். அப்படிப்பட்டவனுக்காகத்தான் கொந்தராத்துக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள், சம்பளமும் அவனுக்குத்தான் கூட. அவன் அந்த இடத்துக்கு வந்த வழியும் எங்களுக்குத் தெரியும். ஹெல்பராகச் சேர்ந்து கிரீஸ் அடித்து, செயின் கழுவி, ஒப்பரேட்டர் சாப்பிடப் போன நேரம் மண் குவியலைத் தள்ளிப் பழகி, பிறகு குழி மூடி, பிறகு கான் வெட்டி, கடைசியாகத்தான் ஃபினிஷிங்கில் கை வைப்பான்.

இப்போது அந்தக் கடைசிப் படியைத்தான் மெஷின் எடுத்துக்கொள்கிறது. கொமட்சு 2013 அளவில் விற்கத் தொடங்கிய டோசரில், அதாவது பிளேடால் மண் தள்ளும் மெஷினில், செய்மதிச் சமிக்ஞையைப் பிடிக்கும் அன்டெனா இருக்கிறது. சைட்டில் இன்னொரு நிலையம் நின்று அந்தச் சமிக்ஞையைத் திருத்திக் கொடுக்கிறது. றோட்டின் வரைபடம் முப்பரிமாணமாகக் கணினிக்குள் இருக்கிறது. பிளேடு அந்த மட்டத்தைத் தொட்டால் தானாக மேலே எழும்பும். எக்ஸ்கவேட்டரிலும் அப்படித்தான், நீ லீவரை எவ்வளவு தள்ளினாலும் பக்கெட் வரைபடத்துக்குக் கீழே போகாது. பிழை சில சென்டிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது. ஒரு வருடம் ஓட்டினவனும் இருபது வருடக்காரனும் வெட்டிய கானைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

இதில் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் பெக் அடிக்கிற ஆளும், ஸ்டாஃப் பிடிக்கிற பையனும், என்னைப் போன்றவர்களும். நான் போய்விட்டேன், பரவாயில்லை. ஒப்பரேட்டர் போக மாட்டான், அவனுடைய விலைதான் குறையும். தொடக்கச் சம்பளத்துக்கும் உச்சச் சம்பளத்துக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிடும். இருபது வருடம் பழகினால் பெரிய கையாகலாம் என்று நினைத்துத்தான் நீ இறங்குகிறாய். அதனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"திருகோணமலைக்கு இதெல்லாம் எங்கே வரப்போகுது" என்று உன் அப்பா சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜப்பானில் ஒப்பரேட்டர்களுக்கு வயதாகிவிட்டது, இளசுகள் வருவதில்லை, 2024 ஏப்ரலில் இருந்து கட்டுமான வேலைக்கு ஓவர்டைம் உச்சவரம்பும் வந்துவிட்டது. ஆள் இல்லாத இடத்தில் மெஷினுக்கு மூளை வைக்கிறார்கள். இங்கே ஆள் மலிவு. அந்தக் கருவிகளை வாங்கிப் பூட்டுகிற காசுக்கு ஒரு ஒப்பரேட்டருக்குப் பல வருடம் சம்பளம் கொடுக்கலாம். எந்தக் கொந்தராத்துக்காரர் வாங்குவார்?

ஆனால் நீ இங்கேயே இருக்கப் போவதில்லையே. உன் செட்டில் எவனைக் கேட்டாலும் கட்டார், சவூதி, இல்லாவிட்டால் ஜப்பான். ஜப்பானின் விசேட திறன் விசா 2019இல் தொடங்கியது, கட்டுமானமும் அதற்குள் வருகிறது. அங்கே போய் ஏறும் மெஷினில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கும். இங்கே பழைய பெக்கோவில் பத்து வருடம் ஓட்டியதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, திரையைக் காட்டி "இது தெரியுமா" என்றுதான் கேட்பார்கள்.

எந்த வேலையை மெஷின் விரும்பும், எதை விரும்பாது என்று பார்க்க எங்கள் மாவட்டமே போதும். சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். சூரிய மின் வேலை என்றால் சமதரை, ஒரே மாதிரித் தூண்கள், ஆயிரக்கணக்கில். அமெரிக்காவில் பில்ட் ரோபோட்டிக்ஸ் என்ற கம்பனி இந்தத் தூண் அடிக்கிற வேலைக்கென்றே தானியங்கி மெஷின் ஒன்றை 2023இல் இறக்கிவிட்டது. சரி, அங்கேயிருந்து சீனக்குடாப் பக்கம் வா. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99, பல காடு மூடிக் கிடந்தவை. அந்த மாதிரிப் பழைய இடத்தில் எந்தக் குழாய் எந்த மண்ணுக்குள் போகிறது என்று காகிதத்தை மட்டும் நம்பித் தோண்ட முடியாது. பக்கெட் பல் இரும்பில் உரசும்போது சத்தம் மாறும், லீவரில் ஒரு நடுக்கம் வரும். அந்த இடத்தில் கையை எடுக்கத் தெரிந்தவன் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் உடைந்ததைத் திருத்தப் போனவர்களுக்கும் முப்பரிமாண வரைபடம் ஒன்றும் யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே போ. ஆனால் ஓட்டப் பழகுவதோடு நிறுத்தாதே. ஹோமாகமவில் செட்ராக் என்ற அரச பயிற்சி நிலையம் இருக்கிறது, கட்டுமான மெஷின்களுக்கென்றே நடத்துகிறார்கள். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டில் பேசலாம். அதற்கு முன் வரைபடம் வாசிக்கப் பழகு, லெவல் எடுக்கப் பழகு. என் பழைய கருவி பெட்டிக்குள்தான் இருக்கிறது, வந்தால் காட்டித்தருகிறேன். லெவல் என்னவென்று தெரியாதவன் திரையைப் பார்த்து ஓட்டினால், நிலையம் இடறி அரை மீற்றர் பிழையாகக் காட்டினாலும் அப்படியே வெட்டிக்கொண்டு போவான். பிழையைப் பிடிக்கிறவனுக்கு இனிமேலும் விலை இருக்கும். ஹைட்ரோலிக்கும் சென்சர் வயரிங்கும் கொஞ்சம் தெரிந்துகொள். ஜப்பானில் பாவித்த மெஷின்கள்தான் எங்களுக்கு வருகின்றன. இன்று அங்கே அன்டெனாவோடு ஓடுபவை ஒரு நாள் இங்கே இறங்கும், அப்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவனை ஊரெல்லாம் தேடுவார்கள்.

கடைசியாக, அம்மா நகையை வைத்து லீசிங்கில் பழைய பெக்கோ ஒன்று எடுக்கலாம் என்று சொல்கிறாவாம். இதற்கும் தானியங்கிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் வேண்டாம். 2022இல் டீசல் இல்லாமல் மெஷின்கள் நின்றதை நீயும் பார்த்தாய். மணித்தியாலக் கணக்கில் உழைப்பது நின்றாலும் கடன் நிற்காது. நான் வந்து அக்காவோடு பேசுகிறேன். அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
மாமா