கேன்டீன் வாடகை எங்கள் தட்டில்தான் விழுகிறது

நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

புதுக் கல்வியாண்டுக்குக் கேன்டீன் டெண்டர் விடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

உங்களிடம் படிக்கிறவர்களில் நிறையப் பேர் களக்காடு, திசையன்விளை, பாபநாசம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வீட்டில் இட்லி வேகுமுன்பே கிளம்பினால்தான் முதல் பீரியடுக்கு வந்து சேர முடியும். இன்டர்வெல்லில் பசி கண்ணைக் கட்டும்போது கேன்டீனில் இருப்பது பப்ஸ், சமோசா, டீ. எங்கள் கேன்டீனில் பப்ஸ் 20 ரூபாய், டீ 12. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதை முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், 33 ரூபாய். படிக்கச் சொல்லி அரசு தருகிற காசு அப்படியே மைதாவுக்குப் போய்விடுகிறது.

கேன்டீன் அண்ணாச்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சுண்டல் போடலாமே என்று அவரிடமே கேட்டேன். "சுண்டல் மிஞ்சுனா நான் என்ன செய்ய? பப்ஸுன்னா பேக்கரிக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான். வாடகைய யாரு தம்பி கெட்டுவா?" என்றார். நியாயமான கேள்விதான். யார் அதிக வாடகை தருகிறாரோ அவருக்கே இடம் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அவர் அந்த வாடகையை எங்களிடம்தானே எடுக்க முடியும்?

நல்ல சாப்பாட்டுக்கு நிறையக் காசு வேண்டும் என்று நம் ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. நாங்கள் நான்கு பேர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். அரிசி வீட்டிலிருந்து வருகிறது, ரேஷன் அரிசிதான். வாரத்தில் பாதி நாள் உளுந்தஞ்சோறு. இரண்டு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் தொலி உளுந்து, ஒரு கை பூண்டு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவல். உளுந்தை மட்டும் வாசம் வரும்வரை வறுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு ஆறு டம்ளர் தண்ணீர் விட்டால் முடிந்தது வேலை. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் வேண்டும். மிக்சி இல்லாததால் எங்களுக்கு அது எள்ளுப் பொடியாகத்தான் ஊரிலிருந்து வருகிறது. அரிசியின் புரதத்தில் இருக்கும் குறையை உளுந்து ஈடுகட்டிவிடும். மகாராஜநகர் உழவர் சந்தையில் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிவிட்டால் அன்றைக்கு அது விருந்து. (சமையல் முறை என்னுடைய ஆச்சியுடையது. குழைந்தால் பொறுப்பு எனக்கு.)

ஆனால் பஸ்ஸில் வருகிறவனுக்குக் குக்கர் ஏது? அவனுக்காகத்தான் கேட்கிறேன். வாடகையைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, விலையையும் பண்டத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். காலை எட்டரைக்கு இட்லி, அவித்த முட்டை, சுண்டல். மதியம் காயோடு ஏதாவது ஒரு கலவைச் சோறு. கடையில் ஆறேழு ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டையை அவித்து, மிளகுத்தூள் தூவிப் பத்து ரூபாய்க்கு விற்றாலும் அண்ணாச்சிக்கு நஷ்டமில்லை. மிஞ்சுமே என்ற அவர் பயத்துக்கு முதல் நாளே டோக்கன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு போதும். அப்புறம், வீட்டிலிருந்து டிபன் கொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழலான இடமும் குடிதண்ணீரும் வேண்டும். இப்போது படிக்கட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு, பத்தாம் வகுப்புவரை முட்டையோடு சத்துணவு. கல்லூரிக்கு வந்ததும் பசிக்காமல் போய்விடுமா என்ன? இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான் சாப்பிடப் போகிறோம்.

டெண்டர் முடிவு செய்யும் குழுவில் பஸ்ஸில் வருகிற மாணவர் ஒருவரையும் மாணவி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கன் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்களே முறை வைத்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு மாணவன்