கிழவிக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வாசல் மணியை அடித்துவிடுகிறார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் குளிர் வந்ததும் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன்.

நீ பார்க்கச் சொன்ன 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' படத்தை மகள் தேடிப்பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். மறதி நோய் வந்த கிழவியின் கதை என்று சொன்னதும், அழ வைக்கப் போகிறார்கள் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்தேன். வந்தது எரிச்சல். அந்தக் கிழவி மோட் பேசுகிற பேச்சுக்கு, மகளுடைய இடத்தில் நானாக இருந்தால் என்றோ கத்தியிருப்பேன். தோழி எலிசபெத்தைக் காணோம் என்று ஊரெல்லாம் சொல்கிறாள், துண்டுச்சீட்டுகளில் எழுதி எழுதி வைத்துக்கொள்கிறாள். கிழவிக்கு மறதி என்று எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே கிடப்பதோ இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் காணாமல் போன அக்கா. அவளை இவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நம்மிடம் பரிதாபம் கேட்காமல், தேடுகிற வேலையிலேயே குறியாக இருக்கிறாள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

மோடாக நடித்த கிளெண்டா ஜாக்சனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இரண்டு ஆஸ்கர் வாங்கிவிட்டு, நடிப்பே வேண்டாம் என்று 1992இல் லேபர் கட்சி எம்.பி. ஆகி, 23 வருஷம் பார்லிமெண்டில் உட்கார்ந்திருக்கிறாள். 2016இல், 80 வயதில், உங்கள் லண்டன் ஓல்டு விக் நாடக மேடைக்குத் திரும்பி வந்தபோது எடுத்த வேஷம் ஷேக்ஸ்பியரின் லியர் மகாராஜா! நீ அப்போது அங்கேதானே இருந்தாய், போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கு ஒரு சந்தேகம். கோபமும் முட்டாள்தனமும் பைத்தியமும் பாசமும் எல்லாம் கலந்த ஒரு பெரிய வயதான வேஷம் வேண்டுமென்றால், ஒரு பெண் ஆண் வேஷத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறதா? ஷேக்ஸ்பியர் கிழவிகளுக்கு அந்த அளவுக்கு எழுதி வைக்கவில்லை. தாதியாகவும் தாயாகவும் வந்து போகிறார்கள்.

எழுதினவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்' நாடகத்தைப் புத்தகமாகப் படித்தேன். தன்னைத் தத்தெடுத்து வளர்த்த அம்மாவை வைத்து எழுதியது. தொடக்கத்திலேயே ஒரு சண்டை: கிழவி தனக்கு 91 வயது என்கிறாள், வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த சின்னப் பெண் 92 என்கிறாள். ஒரு வருஷத்துக்கு இத்தனை வாக்குவாதம்! பணத்திமிர், சாதித்திமிர் மாதிரி ஒரு திமிர், பெற்றோரையும் புருஷனையும் பற்றிய புலம்பல், நடுநடுவே பழைய குறும்பு. இரண்டாம் பாதியில் அந்த மூன்று பேரும் ஒரே பெண்ணின் மூன்று வயதுகளாகிவிடுகிறார்கள். 26 வயதுக்காரி தான் இந்தக் கிழவியாகப் போவதைக் கேட்டு, மாட்டேன், நான் உன்னைப்போல ஆகமாட்டேன் என்கிறாள். வீட்டை விட்டுப் போன மகன் படுக்கை ஓரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். எழுதின மகனே அம்மாவை மன்னிக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கிளெண்டா 2018இல் நியூயார்க் பிராட்வேயில் அந்தக் கிழவியாக நடித்து, 82 வயதில் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினாள்.

நம்மூரில் என்ன குறைச்சல் என்று நீ கேட்பாய். நம்ம கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள். நாடக மேடையில் ஆண் வேஷம் கட்டினவர், சினிமாவிலும் 1935இல் நந்தனாராகவே வந்தார். புருஷன் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். 1953இல் 'ஔவையார்' வந்தபோது 45 வயதுகூட முடியவில்லை. ஊருக்கெல்லாம் அவர் என்றைக்கும் கிழவி. ஆனால் அந்த ஔவை கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார், ராஜி. கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் போய் கிழத்தோற்றத்தைக் கேட்டு வாங்கினவள் அவள். இளமையைக் கொடுத்துவிட்டு, ஊர் ஊராகப் போகிற சுதந்திரத்தை வாங்கிக்கொண்டாள். நாம் அதை ஏனோ பக்திக் கதையாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' நாடகத்தில் அவளைக் கிழவியாக்கவே இல்லை. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் கேட்டு வாங்கின கிழத்தனம் இன்னும் பிடிக்கும்.

டி.வி.யில் 'எதிர்நீச்சல்' ஓடியபோது எங்கள் தெருவே ஒன்பதரை மணிக்கு அடங்கிவிடும். எல்லோரும் மூத்த மகனாக நடித்த மாரிமுத்துவின் "ஏய், இந்தாம்மா"வைத்தான் பேசினார்கள். எனக்கு அதில் இரண்டு கிழவிகள். ஒருத்தி அப்பத்தா, சொத்தில் 40 சதவீதப் பங்கைக் கையில் வைத்திருப்பவள். நடித்தவர் பாம்பே ஞானம். பெண்களே ஆண் வேஷமும் போடுகிற நாடகக் குழுவை நடத்தியவர், மேடையில் பழகின குரல். கையெழுத்து அவளுடையது என்பதால் அந்த வீட்டு ஆண்கள் அவளைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இன்னொருத்தி, சத்யப்ரியா நடித்த விசாலாட்சி. மூத்த மகன் சொல்வதெல்லாம் வேதம், மருமகள்களை அடுப்படியில் அடக்கி வைப்பதில் மகனுக்கு வலதுகை. என் ஓட்டு விசாலாட்சிக்குத்தான். அப்பத்தாவிடம் சொத்து இருக்கிறது, பத்திரத்தைப் பார்த்து மரியாதை வரும். விசாலாட்சியிடம் மகன் மட்டும்தான் இருக்கிறான், அதனால் அவன் செய்கிற அநியாயத்தையும் நியாயம் என்கிறாள். அப்படி எத்தனை பேரை நமக்கே தெரியும்! சீரியல்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேச விட்டிருக்கலாம். அதற்குள் யாராவது கதவைத் தட்டி, பின்னணி இசை அலறிவிடும்.

நம்ம காலேஜ் நாடகத்தில் உனக்குப் பாட்டி வேஷம் கொடுத்தபோது தலையில் டால்கம் பவுடர் கொட்டினோமே, இப்போது எனக்கு அது தேவையில்லை. குடியிருப்பில் பொங்கலுக்கு நாடகம் போடுகிறார்கள். பாட்டி நான்தான். ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். ஈஸி சேரில் உட்கார வேண்டும், இரண்டு தரம் இரும வேண்டும், கடைசியில் சண்டை போட்ட பேரப்பிள்ளைகளை "நல்லா இருங்கடா கண்ணுங்களா" என்று ஆசீர்வதிக்க வேண்டும். எழுதின பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பாட்டிக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "பாட்டிக்கா? குடும்பம் ஒத்துமையா இருக்கணும், ஆன்ட்டி" என்றான். "அது குடும்பத்துக்கு வேண்டியது. அவளுக்கு?" என்றேன். முழித்தான். "தோட்டத்துப் பங்கை வித்துட்டு காசிக்குத் தனியாப் போகணும்னு வை, யாரையும் கேக்காம" என்றேன். அம்மா கோபித்துக்கொள்வார்கள் என்கிறான். கோபித்துக்கொள்ளட்டும், அதுதானே நாடகம்! ஞாயிற்றுக்கிழமை மாற்றி எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இருமலை மட்டும் எடுக்க மாட்டானாம், அதில் சிரிப்பு வருமாம்.

உன் பேத்தியின் நடன அரங்கேற்றம் எப்போது? தேதி சொன்னால் பட்டுப் பாவாடை துணி யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். அப்புறம், கிளெண்டா லியராக நின்ற படம் ஏதாவது கிடைத்தால் போனில் அனுப்பு. அந்தப் பையனிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
கமலா