நெஞ்சில் கை வைத்துக் கேட்டவர்களுக்கு

எங்கள் மகளுக்காக ஓடிய எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் அவளுக்கு ஆறு வயது முடிந்தது. தெருப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாள்; நடுவில் ஒரு தடவைகூடக் குந்தவில்லை. வாசலில் நின்று நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கைக்குழந்தையாக இருந்தபோது, பால் குடிக்கும் நேரத்தில் உதடும் நகக்கண்ணும் நாவல்பழம் தின்றாற்போல் ஆகிவிடும். முதலில் காட்டிய இடத்தில் "அழுதா அப்படித்தாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எடை போடப் போன அன்று அங்கன்வாடி டீச்சர்தான், "அக்கா, இது சளி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். டீச்சர், உங்களுக்கு முதல் நன்றி. பி நெகட்டிவ் ரத்தத்துக்காக நடுராத்திரி பைக்கில் வந்த தம்பிகளுக்கும், காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதங்களோடு என் கணவருக்கு முன்னால் ஓடிய ஆட்டோ அண்ணனுக்கும், பிள்ளை நீலம் பாரித்தால் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கணும் என்று பொம்மையை வைத்துப் பழக்கிய நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி.

டாக்டரம்மா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று அவளுடைய பிறவி இதயக் கோளாறின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், என் உள்ளங்கையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தீர்கள். உள்ளே பூனை உறுமுவதுபோல் அதிர்ந்தது. "நுரையீரலுக்குப் போற பாதை குறுகலா இருக்கு, ரத்தம் முட்டிக்கிட்டுப் போகுது, அதான்" என்றீர்கள். பிறகு, இப்படித் தொட்டே இதயத்தைப் படித்த ஒரு டாக்டர் இருந்தார் என்றீர்கள். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் அவர் கதையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஹெலன் டௌசிக். 1898-ல் அமெரிக்காவில் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிறுவயதில் திணறியிருக்கிறார். பதினோரு வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களுக்குப் பட்டம் தராது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து, 1930-ல் அங்கேயே குழந்தைகள் இதயப் பிரிவுக்குத் தலைவரானார். அதற்குள் காது மந்தமாகிவிட்டது. இதயத்தைக் கேட்டுச் சொல்லவேண்டியவர், விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்லப் பழகினார்.

வயிற்றுக்குள் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு சின்ன நாளம் சில பிள்ளைகளுக்கு மூடாமலே இருந்துவிடும். அந்த நாளம் வழியாக நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போவதால், அப்படிப்பட்ட நீலக் குழந்தைகள் கூடுதல் நாள் தாக்குப்பிடிப்பதை அவர் கவனித்தார். அந்த வழியை நாமே உண்டாக்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டு அறுவை மருத்துவர்களிடம் போனார். ஒருவர் கைவிரித்தார், ஆல்ஃபிரட் பிளாலாக் ஒப்புக்கொண்டார். அதை நாய்களுக்குச் செய்து பார்த்து முறையை வகுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் வங்கியோடு மூழ்கிப்போனவர் அவர். 1944 நவம்பர் 29 அன்று, ஐலீன் சாக்ஸன் என்ற குழந்தைக்குக் கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் தமனியோடு பிளாலாக் இணைத்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று தையலுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் தாமஸ்தான். அந்த முறையின் பெயரில் அவர் பெயர் வெகுகாலம் இல்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

ஐலீன் இரண்டு வயது நிறையுமுன் போய்விட்டாள். அவளுடைய அம்மாவை நான் அடிக்கடி நினைக்கிறேன். யாரும் செய்திராத ஒன்றுக்குத் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர். என் மகளுக்கு ஐந்தாம் மாதம் வைத்த 3.5 மில்லிமீட்டர் குழாய் அந்த முறையின் வழிவந்ததுதான். இரண்டு வயதில் முழு ஆபரேஷன் வரைக்கும் அதுதான் அவளைக் காத்தது. ஐலீனின் அம்மா, உங்களுக்கும் என் நன்றி.

பர்மாவில் பிறந்த நம் தமிழ்ப் பெண் எஸ். பத்மாவதி, டௌசிக்கிடம் பயின்று திரும்பி டெல்லியில் இதய மருத்துவத்தை வளர்த்ததையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். கையில் கை வைத்து இந்த வித்தை உங்கள் வரைக்கும் வந்திருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த செக்கப் தை மாதம். மூன்று மாடியும் ஏறி வந்து உங்களிடம் காட்டப்போகிறாளாம், டாக்டரம்மா. லிஃப்ட் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா