அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். 12 வாரத்தில் தொப்பை காணாமல் போய்விடுமாம். அதற்கு ஓர் இடுப்புப் பட்டை, ஒரு பயிற்சித் திட்டம், மாதாமாதம் பணம். "சேரட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். உன் உடம்பு, உன் சம்பளம், நான் தடுக்கப்போவதில்லை. கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

அந்த 'முன்பு', 'பின்பு' படங்களைப் பெரிதாக்கிப் பார். முதல் படத்தில் ஆள் தோளைத் தொங்கப் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். வெளிச்சம் முகத்துக்கு நேரே அடிப்பதால் உடம்பில் மேடு பள்ளமே தெரியவில்லை. இரண்டாவதில் வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழுகிறது. எண்ணெய்ப் பளபளப்பு வேறு. மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான், கால்சட்டையும் இரண்டு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. சரி, இதெல்லாம் போகட்டும். தலைமுடியும் தாடியும் இரண்டிலும் ஒரே அளவு. வெட்டிக்கொண்டிருப்பான் என்பாய். கன்னத்துப் பரு கூடவா மூன்று மாதம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்? இரண்டு படத்தையும் ஒரே நாளில் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பட்டைக்கு வருவோம். கட்டினால் வியர்க்கும், எடை கொஞ்சம் இறங்கவும் செய்யும். இறங்குவது தண்ணீர். வயிறு முட்டக் குடித்தால் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும். கொழுப்பு வியர்வையாக வழிவதில்லை. 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் போகிறது. வயிற்றில் மட்டும் கரைப்பேன் என்பதும் கதை. 1971-இல் டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை தசையில் பெருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுதான். வருஷக்கணக்காக ஒரு கையால் அடித்தவர்களுக்கே அப்படி.

பெரிய கம்பெனி ஏமாற்றாது என்று நினைக்காதே. போட்டுக்கொண்டு நடந்தாலே உடம்பு இறுகும் என்று சொல்லிப் பெரிய ஷூ கம்பெனிகளே ஷூ விற்றன. பொய் விளம்பரத்தைத் தட்டிக்கேட்கிற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை விடவில்லை. 2011-இல் ரீபாக் 2.5 கோடி டாலரும், 2012-இல் ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலரும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. ஸ்கெச்சர்ஸ் விளம்பரத்தில் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லிப் பரிந்துரைத்த நிபுணரின் மனைவி, அதே கம்பெனியில் மார்க்கெட்டிங் அதிகாரி என்று அந்தக் கமிஷன் சொன்னது! சம்பந்தி வீட்டுச் சாட்சி கூட இதைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நீ ராத்திரி பகலாக நாற்காலியில் கிடப்பதுதான் எனக்குக் கவலை. நட, ஓடு, பளு தூக்கு. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், உன் முட்டி வலியைப் பற்றி முதலில் விசாரிக்கிற ஆளாகப் பார்த்துச் சேர்.

அப்படியும் இதில்தான் சேருவேன் என்றால், கார்டு நம்பரைக் கொடுக்கும் முன் அவர்களுக்கு இரண்டு கேள்வி எழுது. நடுவில் நிறுத்தினால் பணப் பிடித்தம் எந்தத் தேதியோடு நிற்கும்? கீழே பொடி எழுத்தில் 'பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று போட்டிருக்கிறார்களே, சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படத்தில் உள்ள பலன் கிடைத்தது? பதில் வாயால் வேண்டாம், எழுத்தில் வாங்கு. வந்ததும் எனக்கும் அனுப்பு, படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா