தோப்பு வீடுகளில் விருந்தினர்: குமரி மாவட்டத் தென்னை விவசாயி ஒருவரின் வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு வர நினைப்பவர்கள் தங்கும் அறை தேடத் தொடங்கும் காலம் இது. கடலை ஒட்டிய தோப்புகளிலும் விளைகளிலும் (மரங்கள் நிற்கும் தோட்ட நிலங்களிலும்) உள்ள உழவர் வீடுகளில் இத்தகைய குடும்பங்களைத் தங்கவைப்பது குறித்து, தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும், என்னைப் போன்ற விவசாயிகளுக்கும், வர எண்ணும் வெளியூர் வாசகர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்று நம் மாவட்டத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஓர் இரவுதான் தங்குகின்றன. சூரிய உதயம் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் மேல் நடந்து வள்ளுவர் சிலையைக் கண்டு, மாலையில் சூரியன் மறைவதையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் செலவழிக்கும் பணம் கன்னியாகுமரி நகரின் சில தெருக்களோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம், கணபதிபுரம், முட்டம் பகுதிகளுக்கு அதில் எந்தப் பங்கும் கிடைப்பதில்லை. பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் இது நிறைவான விடுமுறை இல்லை. அதிகாலையில் எழுப்பப்பட்ட குழந்தை பகல் முழுவதும் வரிசையில் நின்று களைத்துப்போய், நம் ஊரின் மண்ணையும் நீரையும் ஒரு நாழிகைகூட நிதானமாகப் பார்க்காமல் திரும்புகிறது.

மறுபுறம், எங்கள் பகுதித் தோப்புகளின் நடுவே ஓடு வேய்ந்த, திண்ணையும் அகன்ற முற்றமும் கொண்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது வயதான தம்பதி இருவர் மட்டும் அவற்றில் வசிக்கிறார்கள். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். மரம் ஏற ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி போக மிஞ்சுவது மிகவும் குறைவு. வாடல் நோய் கண்ட மரங்களை வெட்டிய இடத்தில் மறுகன்று வைக்க மனம் வராதவர்கள், பாகப்பிரிவினைக்குப் பிறகு விளையை மனைகளாகப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த மரம் நிற்க வேண்டிய நிலம் கைமாறிக்கொண்டிருக்கும்போது குறியீடு மட்டும் எதைக் காப்பாற்றும்? தோப்பு தோப்பாகவே நிற்க வேண்டுமானால், தேங்காய் விலையை மட்டும் நம்பியிராத இன்னொரு வருமானம் அந்தத் தோப்பிலிருந்தே வர வேண்டும். விருந்தினரைத் தங்கவைப்பது அதற்கு ஒரு நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நகரத்துக் குடும்பம் ஒன்று மூன்று நான்கு நாள்கள் தங்கும் அளவுக்குத் தோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் விடை வேறுபடும். கோடை விடுமுறையில் வயல் ஓய்ந்து கிடக்கும். அப்போது எல்லாமே விளையில்தான். நுங்கு வெட்டும் காலம், மாங்காயும் சக்கையும் (பலாவும்) பழுக்கும் காலம், காலையில் பனையிலிருந்து இறக்கிய அக்கானியை (பதநீரை) வெயில் ஏறும் முன் குடித்துவிட வேண்டிய காலம் அது. காலாண்டு விடுமுறையில் வருபவர்கள் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் அறுவடை முடிந்து, கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கு நாற்று நடுவதைப் பார்க்கலாம். டிசம்பரில் வந்தால் நாஞ்சில் நாட்டு வயல்கள் பச்சைப் பசேலென்று நிற்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022ஆம் ஆண்டு சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால், ஒரு மாதத்தில் பார்த்ததை அடுத்த விடுமுறையில் வேறு கோலத்தில் பார்க்கலாம். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை நடக்கும் தேங்காய் வெட்டையும், கதம்பையை (தேங்காய் மட்டையை) உரித்துத் தும்பாக்கிக் கயிறு திரிப்பதையும் ஒரு குழந்தை பக்கத்தில் நின்று பார்ப்பது பள்ளியில் கிடைக்காத கல்வி.

உணவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் தேவையில்லாமல் கூச்சப்படுகிறார்கள். வெளியூர் விருந்தினர் என்றால் பரோட்டாவும் வறுத்த சோறும் வைக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அவர்கள் நம் வீட்டுக்கு வருவது நம் வீட்டுச் சாப்பாட்டுக்காகத்தான். அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்) தேங்காய் அரைத்த சாளை (மத்தி) மீன் குழம்பும், சிவப்புச் சம்பா அரிசிச் சோறும் தீயலும் அவியலும், காலையில் புட்டும் பயறும் பப்படமும், கூடவே நம் ஊர் வாழை வகையான மட்டிப் பழமும் போதும். மட்டிக்கும் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைக்குழந்தைக்கு முதல் பழமாக அதைத்தான் நாம் மசித்துக் கொடுத்து வருகிறோம். விருந்தினரின் குழந்தைக்கும் அது ஒத்துக்கொள்ளும். சமைக்கிற பெண்களின் உழைப்புக்கு உரிய தொகையைக் கட்டணத்தில் தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். வீட்டுப் பெண்களின் வேலை இலவசம் என்ற எண்ணத்தில் தொடங்கப்படும் எந்தத் தொழிலும் நிலைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கடல்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் தங்க வருபவர்கள் கடலில் இறங்கத்தான் ஆசைப்படுவார்கள். நம் கடல் குளிப்பதற்கு எளிதான கடல் இல்லை. கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் விழும் இடங்களும், காலை இழுத்துச் செல்லும் நீரோட்டமும் இங்கே உண்டு. அதைவிட ஆபத்தானது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்றால் கிளம்பிய பேரலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, நம் கரையில் காற்றோ மழையோ இல்லாத தெளிந்த பகலில் திடீரென்று ஏறிவிடும். பருவமழைக்கு முந்தைய சித்திரை, வைகாசி மாதங்களில், அதாவது சரியாகக் கோடை விடுமுறையில், இது அடிக்கடி நிகழ்கிறது. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த நாள்களுக்கான எச்சரிக்கையை முன்பே வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் அது மணலில் நின்றவர்களின் காதுக்கு எட்டவில்லையே என்ற வேதனை இன்றும் எங்கள் பகுதி மக்களுக்கு ஆறவில்லை.

தோப்பு வீட்டில் விருந்தினர் தங்கினால், அந்த எச்சரிக்கையைச் சொல்ல ஒரு மனிதர் இருப்பார். இதை வெறும் உபசாரமாகக் கருதாமல் வீட்டு உரிமையாளரின் கடமையாகவே விதிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய கடல் எச்சரிக்கையை எழுதி முற்றத்தில் வைப்பதும், எந்தக் கரையில் கால் நனைக்கலாம், எங்கே நீரை நெருங்கவே கூடாது என்று பக்கத்து மீனவக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதும் பதிவுக்கான நிபந்தனைகளாக இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணக்குடிப் பாலத்தையே அடித்துச் சென்றதையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தோப்புகளைச் சாய்த்ததையும் பார்த்த நமக்கு, மேட்டுப் பகுதிக்குப் போகும் வழியை விருந்தினருக்கு முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தோப்புக்குள்ளும் கவனம் வேண்டும். விருந்தினர் வருமுன் வீட்டுக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் மேலே உள்ள மரங்களில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மேலே வலையும் தேவை. இரவில் முற்றத்தில் விளக்கு எரிய வேண்டும். பாம்பு கடித்தால் நேரத்தை வீணாக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி தயாராக இருக்க வேண்டும். சுத்தமான கழிப்பறையும் கொசுவலையும் இல்லாமல் யாரும் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இனி, எது நடந்துவிடக் கூடாது என்பது பற்றி. பண்ணைச் சுற்றுலா என்ற பெயரில் வெளியூர் முதலீட்டாளர் ஒருவர் வயலை வாங்கி, மண் அடித்து நிரப்பி, நீச்சல் குளத்தோடு பத்து இருபது குடில்கள் கட்டினால், அங்கே பண்ணையும் இல்லை, உழவரும் இல்லை. நன்செயை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்ற விதி இருக்கிறது; சுற்றுலாவைக் காரணமாகக் காட்டி அந்த இசைவு எளிதாக்கப்படக் கூடாது. கடலோரத்தில் நன்னீர் மிக மெல்லிய படலமாகத்தான் உப்புநீரின் மேல் தங்கியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு போட்டு நீச்சல் குளத்துக்கு உறிஞ்சினால், உப்பு ஏறுவது பக்கத்து விளைக்காரரின் கிணற்றில்தான். ஆகவே புதிய கட்டடத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. இருக்கிற வீட்டைச் செப்பனிட்டால் போதும்.

இது சட்டத்துக்கும் பொருந்தி வருவதுதான். மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோரக் கிராமங்களில் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து) 50 மீட்டர் அல்லது 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை விதிக்கிறது. அதே அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைத்துக்கொள்ள இடம் தருகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டமும், உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும், அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் இத்தகைய வீடுகளுக்குச் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும், எங்கள் பகுதியில் ஒரு விவசாயி யாரிடம் விண்ணப்பிப்பது, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. அலைந்து சலித்தவர் பதிவு செய்யாமலே வாடகைக்கு விடுகிறார், அல்லது விளையைத் தரகரிடம் ஒப்படைக்கிறார். இரண்டுமே ஊருக்கு நல்லதில்லை.

பக்கத்துக் கேரளத்தில் குமரகத்தில் 2008 முதலே பொறுப்புச் சுற்றுலா என்ற முறையில் உள்ளூர் உழவர்களின் காய்கறியையும் பெண்கள் குழுக்களின் பொருள்களையும் விடுதிகள் வாங்க ஏற்பாடு செய்தார்கள். மகாராஷ்டிரம் 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. நாஞ்சில் நாட்டு நெல்லும், தோவாளைப் பூவும், மார்த்தாண்டம் தேனும், கடலும் மலையும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிய நமக்கு இதைச் செய்ய என்ன தடை?

மீனவ மக்களை விட்டுவிட்டு இதைச் சிந்திக்கக் கூடாது. தோப்புக்காரருக்கு வருமானமும் கடற்கரைக்காரருக்குக் கூட்டமும் குப்பையும் என்றால், நாளைக்கு அது சண்டையில்தான் முடியும். விருந்தினருக்கான மீனைக் கரைக்கு வரும் வள்ளக்காரரிடமிருந்தே நேரடியாக வாங்க வேண்டும். நம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் நாட்டுப்படகில் கிடைக்கும் மீனே நம் பங்கு என்பதை விருந்தினர் அறிந்துகொள்வதும் விடுமுறையின் பயன்தான். வர விரும்பும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு: வலை இழுப்பவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கரைமடியை (கரையில் நின்று இழுக்கும் வலையை) இழுக்கும்போது அழைத்தால் ஒரு கை கொடுங்கள்.

மாவட்ட நிர்வாகம் உடனடியாகச் செய்யக்கூடிய காரியம் பெரிதல்ல. இராஜாக்கமங்கலம் ஒன்றியத்தில் கடலுக்கு அருகே உள்ள ஊராட்சிகளில் விருப்பமுள்ள உழவர் வீடுகளைக் கணக்கெடுத்து, சுற்றுலாத் துறை, வேளாண்மைத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, வங்கி அலுவலர் ஆகிய நால்வரையும் ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரே நாளில் அமரவைத்து, பதிவையும் கடன் விண்ணப்பத்தையும் அங்கேயே முடித்துத் தரலாம். நிலத்தில் சாகுபடி நடக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் சான்றளித்தால் மட்டுமே பதிவு புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனையை அதில் சேர்க்க வேண்டும். இதை வரும் காலாண்டு விடுமுறைக்குள் செய்து முடிக்குமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஈத்தாமொழி, கன்னியாகுமரி மாவட்டம்.